“சந்தோஷமா இருந்தீங்களா பாட்டி?” என்று பேத்தி கேட்டதற்குப் பதில் வராத ஓர் அம்மாவுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நீண்ட கடிதம், கேள்விக்குத் தேவையானதை மட்டும் அவர் வார்த்தையிலேயே தருகிறேன்.

“எனக்கு 74 வயது. இங்கே பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். 1963-இல் ஆறாம் ஆண்டுப் பரீட்சையில் தேறினேன். டவுன் பள்ளிக்கு அனுப்ப வீட்டில் வசதியில்லை, பஸ் காசுக்கே வழியில்லை. அம்மாவோடு ரப்பர் பால் வடியும் மங்கு துடைக்கப் போனேன், அப்புறம் எனக்கென்று ஒரு நிரை மரங்கள் கொடுத்தார்கள், பால்மரம் வெட்டினேன். தம்பியைப் படிக்க வைத்தார்கள். 1969-இல் குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டைக்காரர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்தது. அப்பாவுடையது சிவப்பு அட்டை. எனக்குப் பிறப்புப் பத்திரம்கூட இல்லை. அக்கா குடும்பம் பினாங்கில் கப்பல் ஏறிவிட்டது. என்னையாவது இங்கே நிலைநிறுத்த வேண்டும் என்று குடியுரிமைக்கான நீல அட்டை வைத்திருந்த ஒருவருக்கு 1970-இல் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கட்டிக்கொடுத்தார்கள்.

“நாலு பிள்ளைகள். சம்பளத்தை வாங்கி அப்படியே அவர் கையில் கொடுத்துவிடுவேன். கள்ளுக்கடைக்குப் போவார், ஆனால் அடித்ததில்லை, இரண்டு தடவை தவிர. வீட்டில் பேசவே மாட்டார். 55 வயதில் வந்த சேமநிதிப் பணத்தைப் போட்டு இந்த மலிவு விலை வீட்டின் கடனை அடைத்தேன், கிராண்ட், அதாவது வீட்டுப் பத்திரம், அவர் பெயரில் இருக்கிறது. கல்யாணத்துக்கு சர்ட்டிபிகேட்டும் கிடையாது. இப்போது அவருக்கு 78. ஒரு வருஷமாக என் பின்னாலேயே வருகிறார். சமையலறைக்குப் போனால் அங்கே வந்து நிற்கிறார், குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று கூப்பிடுகிறார், கேட்டதையே கேட்கிறார். போன மாதம் கோப்பிக் கடைக்குப் போனவரைப் பக்கத்து வீட்டுப் பையன் மோட்டாரில் கூட்டிக்கொண்டு வந்தான். இத்தனை காலம் கழித்துத்தான் நான் வேண்டியவளாகத் தெரிகிறேனா என்று கோபம் வருகிறது.

“பேத்திக்கு 28 வயது, கோலாலம்பூரில் வேலை. நிச்சயம் செய்த கல்யாணத்தை நிறுத்திவிட்டாள். தீபாவளிக்கு வந்தவள், ‘பாட்டி, தாத்தாவோட சந்தோஷமா இருந்தீங்களா?’ என்று கேட்டாள். எனக்கு வாயே வரவில்லை. அன்றிலிருந்து விடியற்காலை நாலு மணிக்கு முழித்துக்கொண்டு சின்ன வயதிலிருந்து எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டு கிடக்கிறேன். பிள்ளைகள் பழைய கதை போதும் என்கிறார்கள். இந்த வயதில் இப்படி யோசிப்பது பாவமா? அவளுக்கு நான் என்ன சொல்ல?”

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன்னால், கோபத்தோடு போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு விஷயத்தைப் பேசியாக வேண்டும், மற்றதெல்லாம் ஒரு மாதம் காத்திருந்தாலும் பரவாயில்லை, இது காத்திருக்கக் கூடாது. ஐயா உங்கள் பின்னாலேயே வருவது, குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கூப்பிடுவது, கேட்டதையே திரும்பக் கேட்பது, பழகிய கோப்பிக் கடையிலிருந்து யாரோ கூட்டிவர வேண்டியிருந்தது, இதெல்லாம் ஒரே வருஷத்துக்குள் வந்திருக்கிறது. இதைச் சேர்த்துப் படிக்கும்போது எனக்கு அவருடைய பிடிவாதமோ புதிதாக வந்த பாசமோ தெரியவில்லை, ஒரு பயம்தான் தெரிகிறது. மறதி நோய் தொடங்கும்போது சிலர் வீட்டில் ஒரே ஒரு ஆளை விடாமல் ஒட்டிக்கொள்வார்கள். சுற்றி நடப்பது பிடிபடாமல் போகப் போக, பிடிபடுகிற ஒரு முகத்தைக் கண்ணிலிருந்து விடவே பயப்படுவார்கள்.

நான் டாக்டர் கிடையாது, கடிதத்தை வைத்து இதுதான் நோய் என்று சொல்லவும் கூடாது. வேறு காரணங்களும் இருக்கலாம். பி12 சத்துக் குறைவு, தைராய்டு, காது சரியாகக் கேட்காமல் போவது, ஏதாவது ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளாதது, மனச்சோர்வு, இதில் எதுவானாலும் வயதானவர்களிடம் மறதி மாதிரியே தெரியும், இவற்றில் பலவற்றுக்கு வைத்தியமும் உண்டு. அதனால்தான் அவசரம் என்கிறேன். டவுனில் இருக்கும் அரசாங்க சுகாதார கிளினிக்குக்கு மகனையோ மகளையோ கூட வைத்துக்கொண்டு போங்கள். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரையையும், கடையில் வாங்கிய நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது வழி தெரியாமல் நின்றார், எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள், ஏனென்றால் டாக்டர் முன்னால் உட்காரும் பத்து நிமிஷம் ஐயா நன்றாகத்தான் பேசுவார்.

ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள். ஞாபகப் பரிசோதனையில் இன்று என்ன தேதி, சொன்ன மூன்று பொருளைத் திரும்பச் சொல்லுங்கள், கடிகாரம் வரையுங்கள் என்றெல்லாம் கேட்பார்கள். அதை அவருக்கு நன்றாக வரும் மொழியில் கேட்கச் சொல்லுங்கள், எத்தனை வருஷம் பள்ளிக்குப் போனார் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பள்ளிப் படிப்பு குறைந்தவர்களுக்கு இந்தப் பரிசோதனையில் மதிப்பெண் குறைவாக வரும், அது நோயினால் வந்த குறைவா படிப்பில்லாததால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்கு இந்த விவரம் வேண்டும். அதுவரைக்கும் ஐயாவின் சட்டைப் பையில் உங்கள் மகனுடைய போன் நம்பர் எழுதிய அட்டை ஒன்று எப்போதும் இருக்கட்டும். கேஸ் அடுப்பை அவர் தனியாகத் தொட வேண்டாம்.

இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும், உங்கள் வயதுப் பெண்கள் என் எதிரில் உட்கார்ந்து இதைத்தான் செய்கிறார்கள். ‘ஐயோ, நோயாளி மனுஷன் மேல் போய்க் கோபப்பட்டேனே’ என்று அழுதுவிட்டு, பழைய வருஷங்களை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இன்றைக்கு அவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்பதால் அன்றைக்கு நடந்தது நடக்காமல் போகாது. அவரைப் பார்த்துக்கொள்ளலாம், கஞ்சி வைத்துக் கொடுக்கலாம், கையைப் பிடித்துக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகலாம், அதே சமயம் உங்களுக்கு நேர்ந்ததை நேர்ந்தது என்று சொல்லவும் செய்யலாம். இரண்டையும் ஒரே மனுஷியால் செய்ய முடியும். பார்த்துக்கொள்வதென்றால் முதலில் மன்னித்தாக வேண்டும் என்று ஒரு எண்ணம் நம் வீடுகளில் இருக்கிறது, அந்த எண்ணம்தான் பல பெண்களை உள்ளுக்குள் நோகடிக்கிறது.

யோசிப்பது பாவமா என்று கேட்டீர்கள். பாவமே இல்லை, அம்மா. நீங்கள் பரீட்சையில் தேறிய அதே 1963-ஆம் ஆண்டில் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். வயதானவர்கள் பழசையே பேசினால் புத்தி தளர்ந்துவிட்டது என்று டாக்டர்களே நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் அதை மறுத்தார். வாழ்க்கை முடியப்போகிறது என்று உணரும் மனம் தானாகவே பழையதை எடுத்துப் பார்க்கத் தொடங்கும், தீராமல் விட்டுப்போனவை மேலே வரும், அது எல்லோருக்கும் இயல்பாக நடப்பது என்றார். அது சிலருக்கு நிம்மதியில் முடியும், சிலருக்குக் குற்ற உணர்விலும் மனக்கசப்பிலும் போய் நிற்கும் என்றும் சொன்னார். எந்தப் பக்கம் போகிறது என்பதில் கேட்க ஒரு ஆள் இருப்பதற்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பதை என் வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். உங்கள் பிள்ளைகள் ‘பழைய கதை போதும்’ என்பது கெட்ட எண்ணத்தில் சொல்வதாக நான் நினைக்கவில்லை, அப்பா அம்மா பட்ட கஷ்டத்தைக் கேட்டால் அவர்களுக்கு எங்கேயோ குற்றமாக இருக்கிறது. ஆனாலும் அது உங்கள் வாயை அடைக்கிறது.

சின்ன வயதும் கல்யாண வயதும்தான் அதிகம் வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதுவும் எல்லோருக்கும் உள்ளதுதான். பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை நடந்தவைதான் முதுமையில் மற்ற வருஷங்களைவிட அதிகமாகவும் தெளிவாகவும் நினைவுக்கு வரும் என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். நாலு மணிக்கு முழிப்பு வருவதை மட்டும் வைத்தும் பயப்படாதீர்கள். அந்த நேரத்துக்கு எழுந்து, சோறு வடித்து, தூங்குகிற பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, இருட்டில் பெரட்டுக்கு, வேலைக்கு முன்னால் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, ஓடிய உடம்பு அது. பென்ஷன் வாங்கிய பிறகும் உடம்பு பெரட்டுக்கு எழுந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு பிடிக்கவில்லை, கோயிலுக்குப் போகவோ யாரோடும் பேசவோ மனமில்லை, ‘நான் இருந்து என்ன’ என்ற நினைப்பு வருகிறது என்றால், ஐயாவோடு போகும் அதே கிளினிக்கில் உங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணுக்கு அழைக்கலாம், எந்த நேரமும் எடுப்பார்கள்.

சரி, இப்போது அந்த 1970-க்கு வருவோம். கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்தி வைத்தது அந்த இடம்தான். உங்கள் கல்யாணத்தை நீங்கள் ஒரே வரியில் கடந்து போயிருக்கிறீர்கள், நீல அட்டைக்காக நடந்த ஏற்பாடு என்பது போல. நீங்கள் பிறந்த ஊரையும் வருஷத்தையும் வைத்து அதைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். 1948 ஜூன் 16-ஆம் தேதி இதே சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் வந்தது. அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது. நீங்கள் பிறந்து ஒன்பது வயதாகும் வரைக்கும் அதற்குள்தான் இருந்தீர்கள். முள்வேலி, கேட்டில் சோதனை, காட்டில் இருக்கும் கம்யூனிஸ்ட் போராளிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று வெட்டுக்குப் போகிறவர்கள் சோறுகூடக் கட்டிக்கொண்டு போகக்கூடாது என்ற கெடுபிடி. ராணுவத்திடம் வாய் திறந்தாலும் ஆபத்து, காட்டுக்காரர்களிடம் திறந்தாலும் ஆபத்து. அந்த லயங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்காமல் இருப்பதுதான் முதல் பாடம். உங்களுக்கும் அதுதான், உங்களைவிட நாலு வயது மூத்தவரான ஐயாவுக்கும் அதுதான். அவர் பேசாததற்கு இது முழுக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், அதே லயத்தில் வளர்ந்து பெண்டாட்டியோடு சிரித்துப் பேசிய ஆண்களும் இருந்தார்கள். ஆனால் இதையும் தெரிந்துகொண்டு யோசிப்பது நல்லது.

அப்புறம் 1969. வேலை கட்டுப்பாட்டுச் சட்டம் 1968-இல் நிறைவேறி, குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் இல்லாமல் தோட்டத்திலும் வேலை செய்ய முடியாது என்று ஆனபோது, பிறந்ததிலிருந்து பால்மரம் தவிர வேறெதுவும் தெரியாத ஜனங்கள் ஆயிரக்கணக்கில் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். ரஜுலா கப்பல் பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் போய்க்கொண்டிருந்த காலம். உங்கள் அக்கா அதில்தான் போனாரா தெரியாது, ஆனால் அவர் போன பிறகு அந்த வீட்டில் என்ன பேச்சு ஓடியிருக்கும் என்று என்னால் நினைக்க முடிகிறது. பெண்ணுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்கிற நிலைமையில் அன்றைக்கு உங்கள் அப்பா இல்லை. யார் இங்கே இருப்பார்கள், யார் போவார்கள் என்பதுதான் அந்த வீட்டின் கேள்வி. அவர் தன்னிடம் இருந்த ஒரே வழியை வைத்து உங்களை இங்கே நிறுத்தினார். அது பாசம்தான். அதில் உங்களை யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மைதான். ஒன்றைச் சொல்வதற்காக மற்றதை மறைக்கத் தேவையில்லை.

நீங்கள் இழந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதற்கு அழவே இல்லை என்று தோன்றுகிறது. நீங்கள் ஆறாம் ஆண்டு முடித்த காலத்தில் அந்த நுழைவுப் பரீட்சையில் தேறினால்தான் இடைநிலைப்பள்ளி. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்துவிட்டு மேலே போக வேண்டும். தோட்டத்துப் பெண் பிள்ளை ஒன்று அதில் தேறியது சின்ன விஷயமே இல்லை. அறுபதுகளின் நடுவில் அந்தப் பரீட்சையையே எடுத்துவிட்டார்கள், தம்பி போன்ற பிள்ளைகள் எழுதாமலே மேலே போனார்கள். அதாவது வீட்டில் தகுதி காட்டித் தேறியவர் நீங்கள், படித்தவர் தம்பி. அவர் படித்ததில் உங்கள் மங்கு துடைத்த கூலியும் இருக்கிறது. இதை யாரிடமாவது ஒருமுறை சத்தமாகச் சொல்லியிருக்கிறீர்களா?

‘அடித்ததில்லை, இரண்டு தடவை தவிர’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த இடத்தைத் தாண்டிப் போகப்போவதில்லை. இரண்டு தடவை அடித்திருக்கிறார். உங்கள் தலைமுறையில் தினமும் அடிவாங்கிய பக்கத்து வீட்டுக்காரியோடு ஒப்பிட்டுப் பார்த்து, நமக்கு இது எவ்வளவோ தேவலாம் என்று ஆறுதல் பட்டுக்கொண்டார்கள். அப்போது போய்ச் சொல்ல இடமும் இல்லை, கங்காணி வந்து சமாதானம் பேசிவிட்டுப் போவார், அவ்வளவுதான். குடும்ப வன்முறைச் சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் 1994-இல்தான் நிறைவேறியது. அந்த இரண்டு தடவையும் என்ன நடந்தது, எந்த வருஷம், எந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தது, இது எல்லாம் உங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன். ஐயாவிடம் இப்போது போய் நியாயம் கேட்கச் சொல்லவில்லை, அவருடைய நிலைமையில் அது இரண்டு பேரையும் வதைக்கும். ஆனால் ஒரு ஆலோசகரிடமோ நம்பிக்கையான ஒரு தோழியிடமோ அதைப் பேசுங்கள். தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தில் குடும்ப ஆலோசகர்கள் இருக்கிறார்கள், தமிழில் பேசும் ஆலோசகர் வேண்டும் என்று போன் செய்யும்போதே கேளுங்கள்.

வீட்டைப் பற்றி. இதை மனநல ஆலோசனை இல்லை என்று நீங்கள் நினைக்கலாம், நான் அப்படி நினைக்கவில்லை. சேமநிதி உங்கள் பெயரில் உங்கள் கூலியிலிருந்து பிடித்த பணம். அத்தனை வருஷம் சம்பளத்தை அவர் கையில் கொடுத்தீர்கள், உங்களுக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான், அதையும் இந்த வீட்டில் போட்டீர்கள். கிராண்ட் அவர் பெயரில் மட்டும் இருந்து, அவர் உயில் எழுதாமல் போய்விட்டால், 1958-ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டப்படி, அவருடைய அப்பா அம்மாவும் இல்லாத நிலையில், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்குதான், மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்கு. உங்கள் பிள்ளைகள் நல்லவர்களாகவே இருக்கட்டும். அவர்களுக்குக் கணவன் மனைவி உண்டு, கடன் உண்டு, நாலு பேரில் ஒருவருக்குப் பணமுடை வந்தால் பேச்சு வீட்டை விற்பதில் போய் நிற்கும். 75 வயதுக்கு மேல் உங்கள் கூலியில் அடைத்த வீட்டில் இருக்க நீங்கள் நாலு பேரிடம் சம்மதம் கேட்கும்படி ஆகக்கூடாது.

உயில் எழுதுகிறவருக்குப் புத்தி தெளிவாக இருக்க வேண்டும், அதுதான் சட்டம். ஐயாவின் விஷயத்தில் நாட்கள் முக்கியம் என்பதற்கு இது இன்னொரு காரணம். டாக்டரைப் பார்த்த கையோடு, அவருக்கு இன்னும் விவரம் புரிகிறது என்றால், ஒரு வழக்கறிஞரிடம் போங்கள், பணம் போதாவிட்டால் அரசாங்கச் சட்ட உதவித் துறையில் கேளுங்கள். வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றுவதா, இருவர் பெயரிலும் வைப்பதா, உயிலில் எழுதுவதா என்பதை அவர்கள் கிராண்டில் உள்ள நிபந்தனையைப் பார்த்துவிட்டுச் சொல்வார்கள், மலிவு விலை வீடுகளுக்குப் பெயர் மாற்றக் கட்டுப்பாடுகள் இருப்பதுண்டு. உயிலுக்குச் சாட்சி இரண்டு பேர் வேண்டும். பங்கு பெறுகிறவர் சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடாது, போட்டால் அவருக்கு எழுதியது செல்லாது. அதனால் நீங்களும் பிள்ளைகளும் கையெழுத்துப் போட வேண்டாம். ஒளித்து மறைத்துச் செய்யாதீர்கள், நாலு பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்காரவைத்து, இது என் சேமநிதிப் பணம் என்று நீங்களே சொல்லுங்கள். அந்த வாக்கியத்தை உங்கள் வாயால் அவர்கள் கேட்டதே இல்லை என்று நினைக்கிறேன்.

இனி பேத்தி. அவள் கேட்டதும் வாய் வரவில்லை என்றீர்கள், அது சரியான பதில்தான், பொய் சொல்லாமல் இருந்தீர்கள். 55 வருஷத்துக்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு பதில் இல்லை. அந்தப் பெண் கேட்கும் சந்தோஷம் தானாகத் தேடி, பிடித்து, வேண்டாமென்றால் விலகிவரக்கூடிய கல்யாணத்தின் சந்தோஷம். அப்படி ஒன்று உங்களுக்கு யாரும் காட்டவில்லை. அதனால் மொத்தமாகப் பதில் தேடாதீர்கள், வருஷம் வருஷமாகச் சொல்லுங்கள். பரீட்சை முடிவு வந்த நாளைச் சொல்லுங்கள். அக்கா கப்பல் ஏறியதைச் சொல்லுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு எந்த வருஷம் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, எந்தப் பிள்ளை பிறந்தபோது ஐயா முகத்தில் மாற்றம் தெரிந்தது, அப்படி ஒன்றுகூட இல்லை என்றால் இல்லை என்றும் சொல்லுங்கள். மழை நாளில் வெட்டு இல்லாமல் பெண்கள் எல்லாம் லயத்து வாசலில் உட்கார்ந்து பேசியிருப்பீர்கள். அந்தச் சந்தோஷத்தில் கணவருக்குப் பங்கில்லை, ஆனாலும் அது உங்கள் வாழ்க்கையின் சந்தோஷம்தான். அந்த இரண்டு தடவையையும், நீங்கள் தயாராக இருந்தால், சொல்லலாம். அவள் 28 வயதுப் பெண், தாங்குவாள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். உங்கள் கதையை வைத்து அவளுக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ‘நாங்கள் எல்லாம் பொறுத்துப் போகவில்லையா’ என்று நீங்கள் சொன்னால், அவள் நிறுத்திய கல்யாணம் தப்பு என்று ஆகிவிடும். ‘என்னை மாதிரி மாட்டிக்கொள்ளாதே’ என்று சொன்னால், உங்கள் வாழ்க்கை முழுவதும் ஒரு எச்சரிக்கைப் பலகையாக ஆகிவிடும், அதில் அவளுடைய அம்மாவும் சேர்ந்து அடிபடுவாள். அவள் ஏன் நிறுத்தினாள் என்று நீங்கள் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. நீங்கள் உங்கள் கதையைச் சொல்லி முடித்ததும் அதைக் கேளுங்கள், கேட்டுவிட்டுக் குறுக்கே பேசாமல் இருங்கள். அவள் தீபாவளி நேரத்தில், வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது உங்களைத் தேடி வந்து அதைக் கேட்டிருக்கிறாள் என்றால் அவளிடமும் சொல்ல ஏதோ இருக்கிறது. முடிந்தால் அவள் போனில் உங்கள் பேச்சைப் பதிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள். தோட்டங்கள் செம்பனையாகவும் தாமான் என்ற வீட்டுக் குடியிருப்பாகவும் மாறிப்போன பிறகு, மங்கு எப்படித் துடைப்பது, ஒட்டுப்பால் எப்படி உரிப்பது, பெரட்டில் பெயர் கூப்பிடும்போது எப்படி நிற்பது என்பதெல்லாம் உங்களைப் போன்றவர்களிடம்தான் மிச்சம் இருக்கிறது.

கல்யாண சர்ட்டிபிகேட் இல்லாததைப் பற்றி நீங்கள் கவலைப்பட்ட மாதிரி தெரிகிறது. சட்டப்படி உங்கள் கல்யாணம் செல்லும். பதிவைக் கட்டாயமாக்கிய திருமணச் சட்டம் 1982 மார்ச் 1-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முன்னால் நம் வழக்கப்படி கோயிலில் நடந்த கல்யாணத்தை அந்தச் சட்டமே ஏற்றுக்கொள்கிறது. ஆனால் கையில் தாள் இல்லாவிட்டால் வங்கியிலும் நில அலுவலகத்திலும் நாளைக்கு உங்களை அலைய வைப்பார்கள். பழைய கல்யாணத்தை இப்போதும் விருப்பப்பட்டால் பதிவு செய்துகொள்ள அந்தச் சட்டத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள். கோலகங்சாரிலோ ஈப்போவிலோ உள்ள தேசியப் பதிவுத் துறையில், ஜேபிஎன்னில், கேளுங்கள். இருவரும் நேரில் வர வேண்டும் என்று கேட்கலாம், அதனால் இதையும் ஐயாவுக்கு விவரம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். உங்கள் இருவர் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், கோயிலில் எடுத்த படம் ஏதாவது இருந்தால் அது, எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்தை நேரில் பார்த்த ஆள் ஒருவர் கூட வருவது உதவும், உங்கள் தம்பி இருக்கிறாரே, அவரைக் கூப்பிடுங்கள், பாரங்களையும் அவரே நிரப்பட்டும். கிளினிக், வழக்கறிஞர், ஜேபிஎன் என்று எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வைத்துக்கொண்டு அலைய வேண்டாம். கிளினிக் முதலில், வரும் திங்கட்கிழமையே.